பட்டமும் பட்டப்பெயரும்

பட்டம் மன்னனுக்கு, பட்டப்பெயர் படைவீரனுக்கு!

பட்டத்தைப் புலவர் பாடினர், கல்தச்சர் பொறித்தனர், காலம் காத்து வைத்தது. பட்டப்பெயரோ பாசறையிலே பிறந்தது, பாதையிலே வளர்ந்தது, அதைச் சுமந்தவன் களத்திலே சாய்ந்தபோது அவனோடு சேர்ந்து புழுதியிலே புதைந்தது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று நாம் பெருமிதத்தோடு படிக்கிறோம். செருவிலே அவனுக்காக மார்பு காட்டி நின்றவர் எத்தனை பேர்? அவருக்கு என்ன பெயர்? கங்கை கொண்டான் என்று இராசேந்திரனைக் கொண்டாடுகிறோம். கங்கைவரை சென்றது அவனுடைய படைத்தலைவனும் படையும். மன்னனோ கோதாவரிக் கரையிலே அவர்கள் வரவை எதிர்நோக்கியிருந்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு தெரிவிக்கிறது. நடந்த கால்கள் ஒருவருடையவை. கொண்ட பெயர் இன்னொருவருடையது!

இதைக் கூறும்போதே, தமிழன் தன் வீரனை அடியோடு மறந்தவன் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஊர் காத்து மாண்டவனுக்கு நடுகல் எடுத்த நாடு இது. 7ஆம் நூற்றாண்டிலே, முதலாம் மகேந்திரவர்மன் காலத்திலே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் ஒரு கல் நாட்டப்பட்டது. கள்வரோடு பொருது மாண்ட வீரனுக்கான கல் அது. அதிலே வீரன் மட்டும் இல்லை, அவனுடன் நின்று கள்வரைக் கடித்த நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. செதுக்கியதோடு நின்றார்களா? இல்லை. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் எழுதி வைத்தார்கள். நாய்க்கும் பெயர் உண்டு, அப்பெயருக்கும் நன்றி உண்டு என்று கருதிய ஊராரின் பண்பு அது. இந்தக் கல்லை நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் இறுதியில் வேறு சில கற்களைக் காணப் போகிறோம். அப்போது இது தேவைப்படும்.

பெயர் பிறக்கும் இடங்கள்

போர்க்காலப் பட்டப்பெயர்கள் மூன்று இடங்களிலே பிறக்கின்றன. அதிகாரியின் மேசையிலே ஒன்று. பகைவன் வாயிலே ஒன்று. தோழன் தோளருகே ஒன்று.

மேசையிலே பிறந்ததற்குச் சான்று, ஆங்கிலப் படைவீரனின் உலகறிந்த பட்டப்பெயரான 'டாமி'. 1815ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் போர் அலுவலகம் படைவீரர் கணக்கேட்டை நிரப்புவது எப்படி என்று காட்ட மாதிரிப் படிவம் ஒன்றைத் தந்தது. நம் ஊர் அலுவலகங்களிலே 'இராமசாமி, தகப்பனார் பெயர் குப்புசாமி' என்று மாதிரிக்கு எழுதிக் காட்டுவதைப் போல, அதிலே 'தாமஸ் அட்கின்ஸ்' என்று எழுதப்பட்டிருந்தது. படிவத்திலே இருந்த அந்தப் பொய்ப்பெயரே இலட்சக்கணக்கான மெய்யான மனிதர்களின் பெயராகிவிட்டது. முதல் உலகப் போரில் அகழிகளிலே கிடந்து மாண்ட ஆங்கில உழவனும் சுரங்கத் தொழிலாளியும் 'டாமி'யாகவே மாண்டனர்.

பகைவன் வாயிலே பிறந்ததற்குச் சான்று 'தோபுருக் எலிகள்'. 1941இல், ஆப்பிரிக்காவின் வட கரையிலுள்ள தோபுருக் துறைமுகத்தை செர்மானியப் படை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர்கள், பெரும்பாலும் ஆஸ்திரேலியர், பூமிக்கடியிலே பதுங்கு குழிகள் வெட்டிக்கொண்டு மாதக்கணக்கிலே எதிர்த்து நின்றனர். 'எலிகளைப்போல் பொறியிலே சிக்கிக் கிடக்கிறீர்கள்' என்று செர்மானிய வானொலி எள்ளி நகையாடியது. சினந்தார்களா அவர்கள்? சிரித்தார்கள்! 'ஆம், நாங்கள் எலிகள்தாம்' என்று கூறி, எலி உருவத்திலே தாங்களே பதக்கம் செய்து அணிந்துகொண்டார்கள். எறிந்த கல்லையே எடுத்து வீட்டுக்கு அடிக்கல்லாக வைத்துக்கொண்ட சாமர்த்தியம் அது!

தோழன் தோளருகே பிறந்ததற்கு, பிரெஞ்சுப் படைவீரனின் 'புவாலு' என்ற பெயரைக் காட்டலாம். 'மயிரடர்ந்தவன்' என்பது பொருள். அகழியிலே சேற்றோடு கிடப்பவனுக்குச் சவரம் ஏது? தாடி வளர்ந்தது, அதுவே பெயராகி, உரமுள்ள ஆண்மகன் என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டது.

ஆக, பட்டப்பெயர் வெறும் வேடிக்கையன்று. அதைச் சூட்டியவன் யார், சுமந்தவன் யார், அவர்களுக்கிடையே இருந்த உறவு என்ன என்பவற்றைக் காட்டும் கண்ணாடி அது. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் நம் பக்கமாகத் திருப்பிப் பார்ப்போம்.

மிளகுத் தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும்

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலே படை திரட்டியபோது, நம்மவனுக்குக் கிடைத்த முதற்பெயர் 'சிப்பாய்'. பாரசீகச் சொல் அது. படையாள் என்று பொருள். போர்த்துக்கீசியன் வாயிலும் ஆங்கிலேயன் வாயிலும் புகுந்து புறப்பட்டு, உருமாறி, நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. சொல் குற்றமற்றதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளே எத்தனையோ முகங்கள் அடைபட்டுப் போயின.

1751இல் ஆர்க்காட்டுக் கோட்டையிலே கிளைவு முற்றுகையிடப்பட்டான். 50 நாள் முற்றுகை. உணவு குறைந்தது. அப்போது சிப்பாய்கள் அவனிடம் சென்று, 'சோற்றை வெள்ளைக்காரர் உண்ணட்டும். வடித்த கஞ்சித் தண்ணீர் எங்களுக்குப் போதும்' என்றனர் என்று மெக்காலே எழுதிவைத்தார். அந்த முற்றுகையால் கிளைவுக்குப் பட்டம் கிடைத்தது: 'சபத் ஜங்', போரிலே உறுதியானவன் என்று ஆர்க்காட்டு நவாபின் பக்கத்தார் அழைத்தனர். கஞ்சி குடித்தவர்க்குக் கிடைத்தது என்ன? 'சிப்பாய்கள்' என்ற ஒரு பன்மைச் சொல்! ஒருவன் பெயரேனும் நமக்குப் பாடமாக வரவில்லை.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. அதிகாரிகளுக்கும் பட்டப்பெயர் இருந்தது. வங்காளத்து வெள்ளை அதிகாரிக்கு 'குய்ஹை' என்று பெயர். 'யாரடா அங்கே' என்று வேலையாளை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் வந்த பெயர். பம்பாய்க்காரன் 'டக்', அதாவது வாத்து. கருவாடாகிய பம்பில் மீனுக்கு வெள்ளையர் வைத்த செல்லப்பெயரிலிருந்து வந்ததென்பர். நம் சென்னை மாகாணத்து அதிகாரி 'மல்' எனப்பட்டான். என்ன 'மல்'? மல்யுத்தமா? அதுதான் இல்லை. நம் அடுப்படியிலே கொதித்த மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயன் நாவிலே 'மல்லிகட்டாணி'யாகி, அதுவும் நீளம் என்று சுருங்கி 'மல்' ஆயிற்று. 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இதைப் பதிவு செய்திருக்கிறது. நாட்டை ஆள வந்தவனை நம் வீட்டு இரசம் ஆண்டுவிட்டது!

ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். 'மல்' என்று கேலி பேசப்பட்டவனுக்கு அதற்குப் பின்னே பெயர் இருந்தது, பதவி இருந்தது, ஓய்வுக்காலத்திலே நினைவு நூல் எழுதும் வசதி இருந்தது. அவனுக்குப் பட்டப்பெயர் ஒரு மேல்துண்டு. வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். சிப்பாய்க்கோ அதுவே தோல்.

கம்மந்தானும் ஊமைத்துரையும்

மக்கள் தாமே ஒருவனுக்குப் பெயர் சூட்டியபோது என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம். கம்பெனிப் படையிலே சிப்பாய்த் தலைவனாக உயர்ந்து, மதுரைச் சீமையை நிர்வகித்து, பின்னர் கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15இல் மதுரையருகே தூக்கிலிடப்பட்ட யூசுப்கானை நாட்டுமக்கள் எப்படி அழைத்தனர்? 'கமாண்டன்ட்' என்ற ஆங்கிலப் பதவிப் பெயரை எடுத்து, தட்டிக் கொட்டித் தமிழாக்கி, 'கம்மந்தான் கான்சாகிபு' என்றனர். கம்பெனி தந்த பதவியைக் கம்பெனியே பறித்தது, உயிரையும் பறித்தது. ஆனால் மக்கள் வாய் அந்தப் பதவியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை! இன்றும் மதுரையிலே கான்சா மேட்டுத் தெரு இருக்கிறது.

அடுத்தது, எங்கள் திண்டுக்கல் சீமைக்கு நெருங்கிய செய்தி. பாஞ்சாலங்குறிச்சிப் போர்களிலே ஆங்கிலேயர் நம் வீரர்களின் பெயரை வாயிலே நுழைக்க முடியாமல் திணறினர். திணறியவர் கற்றுக்கொண்டார்களா? வெட்டிச் சுருக்கினர். கட்டபொம்மன் அவர்களுக்குக் 'கேட்' ஆனான், அதாவது பூனை! 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றிலே தூக்கிலே தொங்கவிடும்வரை அந்தப் 'பூனை'யின் பெயரைக் கேட்டாலே உறக்கம் கெட்டவர்கள்தாம் அவர்கள்.

அவன் தம்பிக்குப் பேச்சு வராது. அவனை ஆங்கிலேயர் 'டம்பி' என்றனர். ஊமையன் என்று பொருள். உடற்குறையைச் சுட்டும் ஏளனம் அது. நம் மக்களும் 'ஊமை' என்ற சொல்லைக் கையாண்டார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அதன் பக்கத்திலே ஒரு சொல்லைச் சேர்த்தார்கள்: 'துரை'! ஊமைத்துரை! அந்நாளிலே துரை என்ற சொல் தலைவனுக்கும் ஆளுவோனுக்கும் உரியது. வெள்ளை அதிகாரிகளும் தமக்கே அது உரியது என்று இறுமாந்திருந்த காலம். அந்தச் சொல்லை எடுத்து, பேச்சு வராத தங்கள் இளைஞன் தலையிலே முடியாக வைத்தனர் நாட்டுப்புறத்து மக்கள். குறையைச் சொல்லும் சொல்லும் குலையாத மதிப்பைச் சொல்லும் சொல்லும் ஒரே பெயரிலே ஒட்டிப் பிறந்தன.

அவனை எதிர்த்துப் போரிட்ட கம்பெனி அதிகாரி வெல்ஷ், 1830இல் வெளியிட்ட தன் போர் நினைவுகளிலே, மெலிந்த உடலும் நோயாளித் தோற்றமும் கொண்ட அந்த இளைஞனை மக்கள் தெய்வமெனக் கருதினர், அவன் சைகை ஒன்றே கட்டளையாயிற்று என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறான். 1801 பிப்ரவரி 2இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான் ஊமைத்துரை. இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை சில நாட்களுக்குள் மீண்டும் எழுந்தது. மே 24இல் அது வீழும்வரை பேசத் தெரிந்த பீரங்கிகளுக்கெல்லாம் பேசாதவன் பதில் சொன்னான். பிறகு மருது சகோதரரோடு சேர்ந்தான். இறுதியில் திண்டுக்கல் பக்கத்து மலைகளை நாடி வந்தான். அங்கே அவனுக்கு முன்பே விருப்பாச்சி கோபால நாயக்கர் கம்பெனியை எதிர்க்கப் பாளையக்காரர்களைத் திரட்டியிருந்தார். அவரையும் அதே 1801இல் திண்டுக்கல்லிலே தூக்கிலிட்டனர். கோபாலசமுத்திரம் குளம் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ஊமைத்துரை பிடிபட்டு, நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியிலே கொல்லப்பட்டான்.

'டம்பி' என்ற பெயர் வெல்ஷின் ஏட்டோடு போயிற்று. 'ஊமைத்துரை' என்ற பெயர் தெற்குச் சீமை எங்கும் கூத்திலும் கதையிலும் வாழ்கிறது. ஒரே மனிதன், ஒரே குறை, இரண்டு பெயர்கள். சூட்டியவர் உள்ளம் எத்தகையதோ, பெயரும் அத்தகையதாயிற்று.

எம்டன்

பகைவனுக்குப் பெயர் வைப்பதிலும் தமிழன் சிறுமை காட்டியதில்லை என்பதற்கு இன்னுமொரு சான்று. 1914 செப்டம்பர் 22 இரவு, 'எம்டன்' என்ற செர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன, நகரம் நடுங்கியது, வசதியுள்ளோர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினர். சூரியன் மறையாத பேரரசு என்று முழங்கியவர்களின் வாசலிலே வந்து, சுட்டுவிட்டு, சிக்காமல் சென்றுவிட்டது ஒற்றைக் கப்பல். நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று அதை அழித்தது. கப்பல் அழிந்தது, பெயர் அழியவில்லை. 'அவன் பெரிய எம்டனப்பா' என்று சூழ்ச்சித் திறனும் துணிச்சலும் மிக்கவனைக் குறிப்பிடுகிறோம் அல்லவா? அங்கே செர்மனியிலோ, அக்கப்பலிலிருந்து உயிர் தப்பியோர் தம் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ள அரசு உரிமை வழங்கியது. அங்கே சட்டத்தால் கிடைத்தது, இங்கே திண்ணைப் பேச்சால் கிடைத்தது!

வீரமில்லாதோர் என்ற முத்திரை

இனி, இக்கட்டுரையின் வலிமிக்க பகுதிக்கு வருகிறோம்.

பட்டப்பெயர்களிலே கொடியது, ஒரு மனிதனுக்கு அல்ல, ஓர் இனத்துக்கே சூட்டப்படும் பெயர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்தவன் பிரெடரிக் ராபர்ட்ஸ். சென்னைச் சிப்பாய்க்குப் பழைய போர்க்குணம் போய்விட்டது, வடமேற்கத்து இனங்களே போருக்குரியவை என்பது அவன் முடிவு. பின்னர் இந்தியா முழுமைக்கும் தளபதியானான், முடிவு கொள்கையாயிற்று. 'போர்த்திற இனங்கள்' என்று சிலரைப் பிரித்தனர். மற்றவர் போர்த்திறமற்றோர் என்பது சொல்லாமலே விளங்கியது. பிறப்பைக் கொண்டு ஆளை அளக்கும் பழக்கம் நம் நாட்டிலே ஏற்கனவே வேரோடியிருந்தது. வெள்ளையன் அந்த அளவுகோலுக்குப் புதுப்பூச்சுப் பூசி, விஞ்ஞானம் என்று பெயரிட்டான்!

ஆர்க்காட்டிலே கஞ்சி குடித்துக் காத்தவர் மரபு, 'போருக்கு ஆகாதது' ஆகிவிட்டது. சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. 1920களின் இறுதிக்குள் அவை அறவே இல்லாமற் போயின. எஞ்சியது சென்னைச் சாப்பர் படை. பாலம் கட்டவும் பாதை வெட்டவும் கண்ணிவெடி அகற்றவும் பழகிய படை அது. 1780இல் இரண்டு கம்பெனிகளோடு தொடங்கியது. விக்டோரியா அரசியின் பெயரால் 'குயின்ஸ் ஓன்' என்ற அடைமொழி கிடைத்தபோது, 'குயின்ஸ் ஓன் சாப்பர்' என்பதைக் குறுக்கி, 'குயின்சாப்' என்று வழங்கினர்.

அந்தப் படையிலே, தமிழ் வீரனுக்கு நிலைத்த பட்டப்பெயர் எது தெரியுமா? 'தம்பி'!

வீட்டிலே மூத்தவன் இளையவனை அழைக்கும் சொல். முன்பின் அறியாத இளைஞனிடம் வழி கேட்கும்போதும் நாம் பயன்படுத்தும் சொல். நம்மவர் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்ட அந்தச் சொல்லே, படையிலே அவர்களுக்குரிய பெயராகி நின்றது. வடநாட்டு வீரனும் வெள்ளை அதிகாரியும் அவர்களைத் 'தம்பிகள்' என்றனர். 1941இல், இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியிலே, 'போர்த்திறமற்ற' தென்னாட்டவரின் துணை மீண்டும் தேவைப்பட்டுச் சென்னைக் காலாட்படை புத்துயிர் பெற்றது. அங்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்த இரு படைகளிலும் 'தம்பி' என்றால் பெருமைக்குரிய பெயர்.

இனிமையான பெயர்தான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தம்பி என்று அழைப்பவன் அண்ணனாக நடந்தானா? 40 வயதுச் சுபேதாரை 20 வயது வெள்ளை லெப்டினன்ட் 'தம்பி' என்று அழைத்தபோது அதிலே பாசம் எவ்வளவு, படிநிலை எவ்வளவு? அன்பாகச் சொல்லப்படும் சொல்லே ஆளைச் சிறியவனாக நிறுத்தி வைக்கவும் பயன்படும்.

அந்தத் தம்பிகளுள் ஒருவன், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24, இத்தாலி நாட்டு மிக்னானோ. கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை அமைத்துக்கொண்டிருந்தது அவனுடைய குழு. பின்னால் வந்தவன் ஒருவன் கண்ணிவெடியை மிதித்துவிட்டான். வெடிக்க ஓரிரு நொடிகளே இருந்தன. ஓடியிருக்கலாம் சுப்பிரமணியன். ஓடவில்லை. வெடியின்மேல் விழுந்து தன் உடலால் மூடினான். உடன் இருந்தோர் உயிர் பிழைத்தனர், அவன் சிதைந்தான். ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த விருதைப் பெற்ற முதல் இந்தியன் அவனே. வீரமில்லாதோர் என்ற முத்திரையை, ஏடெழுதியும் மனுக்கொடுத்தும் அல்ல, நெஞ்சை வெடியின்மேல் வைத்து அழித்தான் அந்தத் தம்பி!

அதே போரின் மறுபக்கத்திலே, மலேயாவின் தோட்டங்களிலே பாலெடுத்துக்கொண்டிருந்த தமிழர் ஆயிரக்கணக்கிலே இந்திய தேசிய இராணுவத்திலே சேர்ந்தனர். பிரிட்டிஷார் அவர்களுக்குப் படைவீரர் என்ற பெயரையே மறுத்தனர். 'ஜப்பானியர் தூண்டிய ஐந்தாம்படையினர்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து 'ஜிஃப்' என்றனர். அடிமைத்தனத்தை எதிர்த்தவனை அவன் சொந்தப் படையின் பெயரால் அழைத்துவிட்டால், கேட்கும் மற்றச் சிப்பாய்க்கும் சிந்தனை பிறந்துவிடும் அல்லவா? அந்த அச்சத்திலே பிறந்த பட்டப்பெயர் அது. 'ஜிஃப்' மறைந்தது. 1943இல் சிங்கப்பூரிலே பெண்கள் படைக்குத் தலைமையேற்ற சென்னைப் பெண்மணி இலட்சுமியை, மேற்பதவி பெற்ற பின்னும், 2012இல் மறையும்வரை, மக்கள் 'கேப்டன் இலட்சுமி' என்றே அழைத்தனர். இங்கும் வென்றது மக்கள் நாக்கு.

கல்லிலே ஏறாத பெயர்

எடத்தனூர் நடுகல்லை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள் என்றேனே, இப்போது அதற்கு வேளை வந்துவிட்டது.

முதல் உலகப் போரிலே மெசபொடேமியாவிலே மாண்டவர்க்காக, ஈராக்கின் பாஸ்ராவில் 1929இல் பெரிய நினைவுச் சுவர் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரன் ஒவ்வொருவன் பெயரும் அதிலே உண்டு. இந்திய அதிகாரிகளின் பெயரும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்? படையின் பெயர், அதன் பக்கத்திலே தொகை! இத்தனை பேர் என்ற எண்ணிக்கை! இறந்தோரைச் சமமாக நினைவுகூர்வதே தன் கொள்கை என்று கூறிய போர்க் கல்லறை ஆணையம், 2021இல் தன் ஆய்வறிக்கையிலே, இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாக 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையிலே நினைவுகூரப்பட்டனர் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. நூறாண்டு கழித்து!

பாஸ்ராவரை போவானேன்? வேலூர் நகரத்து மணிக்கூண்டுக்குச் செல்லுங்கள். 'இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றனர். அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர்' என்ற பொருளுடைய ஆங்கிலக் கல் அங்கே இருக்கிறது. இதே வாய்பாட்டிலே அமைந்த கற்களைத் தமிழகத்து ஊர்கள் பலவற்றிலே காணலாம். எண் மட்டும் மாறும். 277இல் ஒருவன் பெயரும் இல்லை. 14இல் ஒருவன் பெயரும் இல்லை.

7ஆம் நூற்றாண்டிலே ஒரு சிற்றூர், தனக்காகக் கடித்த நாயின் பெயரை எழுதி வைத்தது. 20ஆம் நூற்றாண்டிலே ஒரு பேரரசு, தனக்காகச் செத்த மனிதனின் பெயரை எழுதவில்லை! எது நாகரிகம்? எது காட்டுமிராண்டித்தனம்? நீங்களே தீர்ப்பளியுங்கள்.

இப்போது பட்டப்பெயரின் முழு மருமமும் விளங்குகிறது. 'சிப்பாய்', 'தம்பி' என்பன தம்மளவிலே தீயவை அல்ல. சொந்தப் பெயர் எழுதப்படாத இடத்திலேதான் பட்டப்பெயர் நஞ்சாகிறது. 'தம்பி' என்று தோளிலே தட்டிவிட்டு, செத்தபின் எண்ணாக எழுதினால், அந்த அன்பை என்னவென்பது? ஆங்கிலேயன் 'டாமி'யாக வாழ்ந்தாலும், கல்லறையிலே அவன் தன் பெயரோடு உறங்குகிறான். நம்மவன் 'தம்பி'யாகச் சென்றான், தொகையிலே ஒன்றாகத் திரும்பினான்.

ஊர் சூட்டும் பெயர்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையிலே உள்ள எங்கள் சாணார்பட்டியின் பெயரிலேயே இதற்கொரு பாடம் பொதிந்திருக்கிறது. பிறர் இழிவாக வழங்கிய சாணார் என்ற பெயரை ஏற்க மறுத்து, நாடார் என்றே எழுத வேண்டுமென ஒரு பெரும் சமூகம் நீண்ட நாள் போராடியது. 1921இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பெயரிலே என்ன இருக்கிறது என்று கேட்போர், அந்தப் போராட்டத்தை நடத்தியோரைக் கேட்டுப் பார்க்கட்டும். தன்னை எப்பெயரால் அழைக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை, தன்மானத்தின் முதற்படி.

பட்டாளத்திலிருந்து திரும்பியவனுக்கு நம் சிற்றூர்கள் சூட்டும் பெயரைக் கவனித்திருப்பீர்கள்: 'பட்டாளத்தார்'. ஊரை விட்டுப் போகும்போது அவன் 'டேய்' என்றும், தகப்பன் சாதியைச் சொல்லியும் அழைக்கப்பட்டவன். திரும்பி வந்தபோது அவன் பெயரிலே ஓர் 'ஆர்' விகுதி ஏறியிருக்கிறது. பெட்டியும் பூட்சும் மட்டுமல்ல, மரியாதையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். டீக்கடையிலே தனிக் குவளை வைத்திருந்த நாட்களிலே, ஊர்ப் பஞ்சாயத்திலே தரையிலே உட்கார வைத்த நாட்களிலே, இந்த ஒரு விகுதி சாதாரணமன்று. உலகைச் சுற்றி வந்தவனை, எல்லா நிறத்தாரோடும் ஒரே பந்தியிலே உண்டு வந்தவனை, மறுபடியும் பழைய பெயரால் அழைக்கப் பலருக்கு வாய் கூசியது.

ஆனால் இங்கும் அதே ஆபத்து காத்திருக்கிறது. 'பட்டாளத்தார் வீடு' என்றால் ஊரார் கைகாட்டுவர். அவர் பேரன் பேத்திகள் என் வகுப்பிலே இருக்கிறார்கள். 'உன் பாட்டனார் பெயர் என்ன?' என்று கேட்டால், பல பிள்ளைகள் 'பட்டாளத்துத் தாத்தா' என்கிறார்கள். எந்தப் படை, எந்தக் களம், என்ன பெயர் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பேரரசு செய்த பிழையை, பாசத்தோடு நாமே செய்துகொண்டிருக்கிறோம்!

வரலாறு கற்பிக்கும் நண்பர்களே, பாடநூலிலே இல்லாத பாடம் ஒன்று ஒவ்வொரு ஊரிலும் பரணிலே தூங்கிக்கொண்டிருக்கிறது. பட்டாளத்தார் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். படையிலிருந்து விடுவித்த சான்று இருக்கும். பதக்கம் இருக்கும். முதல் உலகப் போர்ப் பதக்கமாயின், நெற்றியிலே அரசனின் தலை பளபளக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய எழுத்திலே வீரனின் எண்ணும், பெயரும், படையின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். சுவரிலே இடம் மறுக்கப்பட்ட பெயர், விளிம்பிலே ஒட்டிக்கொண்டு உயிர் பிழைத்திருக்கிறது. மாணவரைக் கொண்டு அதை எழுதச் செய்யுங்கள். ஊர்ப் பள்ளியின் சுவரிலே, ஊராட்சி மன்றத்தின் பலகையிலே, பட்டப்பெயரோடு பக்கத்திலே சொந்தப் பெயரும் ஏறட்டும். சென்ற ஊரும், நின்ற களமும், திரும்பினாரா இல்லையா என்பதும் ஏறட்டும்.

மன்னர் பெற்ற பட்டங்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியது போதும். கடாரம் கொண்டவன் யார் என்று கேட்கும் வினாத்தாளிலே, கடாரத்துக்குத் துடுப்புப் போட்டவன் யார் என்ற வினாவும் ஒரு நாள் இடம்பெற வேண்டும். அதற்கு விடை எழுதப் பெயர்கள் வேண்டும். பெயர்கள் இருக்கின்றன, பரணிலும் பதக்க விளிம்பிலும் பாட்டிமார் நினைவிலும். பாட்டிமார் காத்திருக்க மாட்டார்கள்.